பேய்க்குப் பேர் கேட்டியாடா?

வாடா பேராண்டி, உன் கூட்டாளிங்களையும் கூட்டிகினு வந்து இப்படித் திண்ணையில உக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. நேத்து ராத்திரி ரெண்டாவது ஆட்டம் பேய்ப்படம் பாக்க நாலு பேரும் திண்டிவனம் போனீங்கன்னு உங்க ஆயா சொன்னா. அவ சொல்லலன்னாலும் ஊருக்கே தெரிஞ்சிருக்கும். காலையில டீக்கடை பெஞ்சுல உக்காந்துகினு நீங்க அந்தப் படத்தை உரிச்ச உரியைப் பாத்து, எதிர்த்தாப்ல கோழிக்கடைக்காரன் கத்தியைக் கீழ வச்சுட்டான்.

காசில்லாத கம்பெனி எடுத்த படமாம். ஒரு வீடு, ஒரு பொண்ணு, அந்தப் பொண்ணு மேல ஒரு பேய். அவ்வளவுதான் கதைன்னீங்க. ஒருத்தன் பயமே வரலன்னான். ஒருத்தன் லாஜிக் இல்லன்னான். இன்னொருத்தன், பேய்க்கு மேக்கப் சரியில்ல, மாவுமில்லுல இருந்து வந்தா மாதிரி இருக்குன்னான். நீ என்னடான்னா டீ கிளாசை ஆட்டிகினே, "ஒருவாட்டி பாக்கலாம்"னு ஐகோர்ட்டு ஜட்ஜ் கணக்கா தீர்ப்பு எழுதிட்ட. சிவாஜி கணேசன் பொறந்தது நம்ம விழுப்புரம். அதனால நடிப்பு பத்தலன்னு சொல்ல இந்த மண்ணுல அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் பாத்தியதை உண்டு. சொல்லு, நான் தடுக்கல.

ஆனா அந்தப் பயமே வரலன்னு சொன்னானே, அவன் யாருன்னு எட்டிப் பாத்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு நம்ம ஏரிக்கரைப் புளியமரம் வந்ததும் ஹாரனை அமுக்கினவன், மாரியம்மன் கோயில் தாண்டற வரைக்கும் கையை எடுக்கல. ஆளில்லாத ரோட்டுல எந்த லாரிக்குடா வழி கேட்ட? தூங்கிகினு இருந்த நான் எழுந்து உக்காந்துட்டேன். பின்னாடி உக்காந்திருந்த லாஜிக்காரன், கண்ணை மூடிகினு அவன் இடுப்பைக் கட்டிப் புடிச்சிருந்தான். தெருவிளக்கு வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது.

குத்தமா சொல்லல. திண்டிவனம்ன்ற பேரே திந்திரிணி வனத்துல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. திந்திரிணின்னா வடமொழியில புளி. அங்க இருக்கற ஈஸ்வரன் பேரே திந்திரிணீஸ்வரர். புளியங்காடுன்னு பேர் வாங்கின ஊர்ல பேய்ப்படம் ஓட்டறது கொல்லன் தெருவுல ஊசி விக்கறதுதான். வாங்கறவன் நாலு கேள்வி கூடத்தான் கேப்பான்.

என்னா கேள்வி கேக்கணும்னுதான் உங்களுக்குத் தெரியல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

மேல்மலையனூருக்கு அமாவாசை அன்னிக்கு உன்னை சின்னதுல தூக்கிகினு போயிருக்கேன். ஊஞ்சல் உற்சவம் நடுராத்திரி. நீ பொட்டுக்கடலை தின்னுட்டு தூங்கிட்ட. அங்காளம்மன் சன்னதிக்கு வெளியில, நாலஞ்சு இடத்துல கூட்டம் வட்டம் கட்டி நிக்கும். நடுவுல ஒரு பொண்ணு தலையை விரிச்சுப் போட்டுகினு ஆடும். பம்பைக்காரர் எதிர்ல உக்காந்திருப்பார். அவர் கத்த மாட்டார், மிரள மாட்டார். பம்பையை நாலு தட்டு தட்டிட்டு, சார்பதிவாளர் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி நிதானமாக் கேப்பார். யாரு நீ? எந்த ஊரு? இந்தப் பொண்ணை எங்க வச்சுப் புடிச்ச? என்னா வேணும்? எப்பப் போவ?

பேய் லேசுல சொல்லாது. முதல்ல வேற பேர் சொல்லும். சாமி பேரைக்கூடச் சொல்லிப் பாக்கும். அவர் நம்ப மாட்டார், திரும்பத் தட்டுவார். கடைசில ஒடஞ்சு போயி அழுதுகினே நெசத்தைச் சொல்லும். கல்யாணமாவாம தூக்குல தொங்கினவன், கெணத்துல விழுந்தவன், ஆசை தீராமப் போனவன். ஒரு கோழி கேக்கும், ஒரு சுருட்டு கேக்கும். குடுத்ததும் சத்தியம் வாங்கிகினு, உச்சி முடியில ஒரு கொத்து எடுத்து புளியமரத்துல ஆணி அடிச்சு வச்சுடுவாங்க. மொத்தச் செலவு கோழி, எலுமிச்சம்பழம், ஒரு ஆணி. இதைவிட சின்ன பட்ஜெட் எவன்டா போட முடியும்? ஆனா சுத்தி நிக்கறவன் ஒருத்தனும் "செகண்ட் ஆஃப் இழுவை"ன்னு எழுந்து போனதில்ல.

ஏன் போவல? அந்தப் பேய்க்குப் பேர் இருக்கு, ஊர் இருக்கு, ஒரு கொறை இருக்கு. நம்ம ஊர்ப் பேய் மனுதாரர்டா! திங்கக்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கையில காயிதத்தோட நிக்குதே ஜனம், அதுல இடம் கெடைக்காதவன்தான் செத்தப்புறம் பேயா வந்து கேக்கறான்.

2011-ல காஞ்சனா ஓடின ஓட்டம் இதனாலதான். ராகவா லாரன்சு ராத்திரி ஒண்ணுக்குப் போவவே அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுவார், அதுக்கு நீங்க சிரிச்சீங்க. சிரிச்சவன்ல பாதிப் பேர் வீட்ல நெலவரம் அதுதான், அது வேற சங்கதி. ஆனா சரத்குமார் வேஷம் கட்டின அந்தத் திருநங்கை, தான் வளத்த பொண்ணு டாக்டரானதும் ஆஸ்பத்திரி கட்டணும்னு வாங்கி வச்ச நெலத்தை எம்.எல்.ஏ. புடுங்கிக்கறான். ஆக, அது பட்டா தகராறு. தாலுக்கா ஆபீசுக்கு அலைஞ்சு செருப்பு தேஞ்ச சம்சாரிங்க எல்லாம் தியேட்டர்ல கண்ணைத் தொடச்சதை நானே பாத்தேன். நெலத்துக்காவ செத்தவன் திரும்பி வருவான்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

2015-ல டிமான்ட்டி காலனின்னு ஒண்ணு வந்துச்சு. அஜய் ஞானமுத்துன்னு ஒரு பையனுக்கு அதான் மொதப் படம். அருள்நிதி நடிச்சார். பாதிக்கு மேல ஒரே ரூம்பு, நாலு பசங்க, ஒரு டி.வி. பொட்டி. செட்டு செலவு எங்க இருக்கு சொல்லு? ஆனா பேய் அனாமத்து இல்ல. சென்னை ஆழ்வார்பேட்டைப் பக்கம் நெசமாவே இருக்கற காலனி, டிமான்ட்டின்னு போர்த்துக்கீசிய யாவாரி, அவன் நகையை ஒருத்தன் அமுக்கிகினு வந்துட்டான். பம்பைக்காரர் கேக்கற அஞ்சு கேள்விக்கும் பதில் ரெடியா இருக்கு. நேத்து நீ பாத்த பேய்க்கு என்னா கொறைன்னு கேட்டேன். "தெரில தாத்தா, சும்மா வருது"ன்ன. சும்மா வர்றதுக்கு அது என்னா கேபிள்காரனா?

மேக்கப் சரியில்லன்னு சொன்னவனுக்கு ஒரு வார்த்தை. நான் இருபது வருசம் கூத்துல கட்டியக்காரன் வேஷம் கட்டினவன். அரிதாரமும் கண்ணு மையும்தான். ஒரு பெட்ரோமாக்ஸ் லைட்டு, அதுவும் நடுச்சாமத்துல புஸ்ஸுன்னு போவும். துரௌபதை அம்மன் கோயில்ல துகில் உரியற அன்னிக்கு, மீசையை மழிச்சுட்டு பாஞ்சாலி வேஷம் கட்டி நிக்கறது நம்ம ஊர் தச்சர். எல்லாருக்கும் தெரியும். காலையில அவர்கிட்டதான் கட்டில் கால் சொல்லி வச்சிருப்பான். ஆனா எங்க ஜமாவுல துச்சாசனன் வேஷக்காரன் கற்பூரம் ஏத்தி, அந்தத் தச்சர் கால்ல விழுந்து கும்புட்டுட்டுத்தான் சேலை முந்தியைத் தொடுவான். தொட்டதும் பொம்பளைங்க பக்கம் நாலு பேருக்கு அருள் வந்துடும். அரிதாரம் பூசினது மூஞ்சியில. பயம் வந்தது வேற எங்கயோ இருந்து. 1978-ல ஜகன்மோகினின்னு விட்டலாச்சார்யா எடுத்த படம் தெலுங்குல இருந்து தமிழ் பேசி வந்துச்சே, அதுல ஜெயமாலினிப் பேய் வெறகுக்குப் பதிலா தன் காலையே அடுப்புல வச்சு எரிக்கும். தந்திரம் பாத்தா பல்லிளிக்குது. உங்க ஆயா அதுக்கப்புறம் ஒரு மாசம் அடுப்பு முன்னால தனியா உக்காரல.

வெள்ளைக்காரன் மட்டும் என்னா, கொட்டியா எடுத்தான்? 1981-ல ஈவில் டெட் எடுத்த சாம் ரெய்மிக்குக் கையில நாலு லட்சம் டாலர்கூட இல்ல. காட்டுக்குள்ள ஒரு குடிசை, சோளப்பாகுல சாயம் கலந்த ரத்தம். பேய் தரையோட ஓடி வர்றதைக் காட்ட காமெராவை ஒரு பலகையில கட்டி, ஆளுக்கொரு முனை புடிச்சுகினு ரெண்டு பேர் ஓடினானுங்க. நம்ம ஊர்ல பாடை தூக்கறவன் இதைத்தான் செய்யறான், டைரக்டர்னு ஒருத்தனும் சொல்லல. அப்புறம் 2007-ல பாராநார்மல் ஆக்டிவிட்டி. ஓரென் பெலின்றவன் சொந்த வீட்லயே எடுத்தான். பதினஞ்சாயிரம் டாலர், அன்னைய கணக்குக்கு ஏறக்குறைய ஆறு லட்ச ரூபா. உங்க சித்தப்பன் கல்யாணத்துக்கு மண்டபம், மேளம், பிரியாணிக்கு அதுக்கு மேலயே ஆச்சு. அந்தக் கல்யாண வீடியோவைப் பாத்து யாருக்கும் பயம் வரல, கடன்காரனைத் தவிர.

இப்ப லாஜிக்காரன் கதைக்கு வருவோம். அவனை முன்னால தள்ளு, நேரா சொல்றேன். தமிழன் தலைமேல தூக்கி வச்சு ஆடின பேய்ப்படத்துல ரெண்டு எடுத்துக்க. 2005-ல சந்திரமுகி. பேயே கெடையாது. அது மனசுல வந்த வியாதின்னு அமெரிக்காவுல இருந்து வந்த டாக்டர் ரஜினி சொல்றார். 1993-ல ஃபாசில் மலையாளத்துல எடுத்த மணிச்சித்ரதாழுலயும் அதேதான். 2012-ல பீட்சா. கார்த்திக் சுப்பராஜுக்கு மொதப் படம், கையடக்கமான செலவு. விஜய் சேதுபதி வேர்த்து விறுவிறுத்து ஒரு பங்களாக் கதை சொல்றார், கடைசில பாத்தா வைரத்தை அமுக்கறதுக்குக் கட்டின பொய். முடியறப்ப ஒரு கதவைச் சாத்தி சந்தேகம் வச்சுட்டுப் போறாங்க, அவ்வளவுதான். பேயே இல்லாத படத்துக்குப் பயந்துட்டு, பேய் இருக்கற படத்துல லாஜிக் கேக்கறியேடா. நீ ஏர்போர்ட்டு வேலைக்குப் போவறதுக்கு முன்னால வண்டி டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினது எந்த லாஜிக்குல வருது?

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாம சொல்றேன், கேட்டுக்க. படத்துல பேய் ஏன் எப்பவும் பொண்ணு மேலயே ஏறுதுன்னு உங்கள்ல ஒருத்தனும் கேக்கல. மேல்மலையனூர் வட்டத்துலயும் நான் பாத்தது பெரும்பாலும் பொண்ணுங்கதான், அதுலயும் புதுசா கட்டிகினு போனதுங்க. மாமியார் எதிர்ல வாயைத் தொறக்காத பொண்ணு, பேய் வந்தாத்தான் மாமியாரை "வாடி போடி"ன்னு பேசும். அப்பத்தான் வீட்ல எல்லாரும் கைகட்டிகினு கேப்பாங்க. ஆட்டம் முடிஞ்சு தெளிஞ்சு, நல்லாத் தூங்குனா சரி. மூணு அமாவாசை ஆயும் தூங்காம, திங்காம கெடந்தா பம்பையை நம்பிகினு உக்காராத. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவுல முண்டியம்பாக்கத்துல கவர்மென்டு மெடிக்கல் காலேஜ் இருக்கு, பஸ் ஏறு. எக்சார்சிஸ்ட்னு 1973-ல அமெரிக்காக்காரன் எடுத்த படத்துலயே பேய் புடிச்ச புள்ளையை முதல்ல டாக்டர்கிட்டதான் கூட்டிகினு அலையறாங்க, பாதிரியார் அப்புறம்தான் வர்றார். நம்ம ஊர்ல முறையைத் தலைகீழா வச்சதுக்குக் குடுத்த வெலை ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அங்க ஒரு காப்பகத்துல தீப்புடிச்சப்ப, சங்கிலியில கட்டி வச்சிருந்த மனநோயாளிங்க 28 பேர் ஓட முடியாம எரிஞ்சு போனாங்க. அது எந்தப் பேயும் செஞ்ச வேலை இல்ல.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. டீ ஆறுது, குடி.

இனிமே படம் பாத்துட்டு வந்தா கருத்து சொல்லு, தாராளமா சொல்லு. அரண்மனை படம் நாலு வரைக்கும் வந்துடுச்சு, நமக்கு இங்க ஓட்டு வீட்டுக்கு ஒரு ஓடு மாத்த முடியல, அந்த எரிச்சல்லயாவது சொல்லு. ஆனா "ஒருவாட்டி பாக்கலாம்"னு மழுப்பாத. பேயைக் கேக்கற கேள்வியை உன்னையே கேட்டுக்க. எந்த எடத்துல புடிச்சுது? எந்த எடத்துல உட்டுது? புடிச்சுதுன்ற சொல்லுக்கு நம்ம தமிழ்ல ரெண்டு அர்த்தம் இருக்குடா, பேய்க்கும் அதான் சொல்றோம், படத்துக்கும் அதான் சொல்றோம். புடிக்கலன்னா எவன் வாயை அடைச்சான், சொல்லிட்டுப் போ. கடன் வாங்கி எடுத்த பையன், கேட்டு அடுத்ததைத் திருத்திக்குவான். புடிச்சுது, ஆனா சொல்ல வெக்கமா இருக்கு, அதனால பயமே வரலன்னு அடிச்சு உடறன்னா, அதுக்கும் பம்பைக்காரர்கிட்ட மருந்து இருக்கு. உச்சி முடியை வளத்து வை.

என்னாது, நானா? அந்தப் படத்தையா? நாளைக்கு ரெண்டாவது ஆட்டத்துக்கு எனக்கும் ஒரு டிக்கெட் சேத்து எடு. உங்க ஆயாகிட்ட அமாவாசைக்குப் பூ வாங்கப் போறதா சொல்லிக்கறேன். வண்டி வேணாம், பஸ்ஸுல போவோம். திரும்பி வர்றப்ப பஸ்ஸ்டாப்புல இருந்து நடந்துதான் வரணும். நீங்க ரெண்டு பேர் முன்னால போங்க, ரெண்டு பேர் பின்னால வாங்க. நான் நடுவுல வரேன்.