தொண்டை அவரவருடையது

பகவான் எனக்குச் சாரீரம் அளிப்பதில் மிகுந்த சிக்கனத்தைக் கையாண்டுவிட்டு, அதற்குப் பிராயச்சித்தமாகவோ என்னவோ, இரண்டு நல்ல காதுகளை அநுக்கிரகித்திருக்கிறார் என்பதைச் சிறு பிராயத்திலேயே அறிந்துகொண்டபடியால், மேடைக்கு எதிரே உட்காருவதுதான் என் ஸ்வதர்மம் என்று தீர்மானித்து, அந்தத் துறையில் ஓரளவு கீர்த்தியும் சம்பாதித்திருக்கிறேன்.

என் அத்தானுக்கு இந்த ஞானோதயம் சித்திக்கவில்லை. ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்தது முதல் ஜிப்பா, அத்தர், படிய வாரிய கிராப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தச் செலவை அத்தை பொறுத்துக்கொண்டாள். விடியற்காலையில் கிளம்பிய பிருகாக்களைத்தான் தெருவினர் பொறுக்க மறுத்தார்கள். மின்னலாய் ஓடவேண்டிய பிருகா, அத்தானின் கண்டத்தில் அகப்பட்ட மாத்திரத்தில், மாடிப்படியில் உருளும் பித்தளைக் குடமாக மாறிவிடும். இத்தனைக்கும் சவுக்க காலத்தில் அவர் ஒரு கீர்த்தனத்தை நிதானமாகப் பாடினால், பக்கத்து வீட்டுக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். “அதையே பாடுங்களேன், அத்தான்!” என்றால், “போடா, அதை யார்தான் பாடமாட்டார்கள்?” என்பார். சுலபமாக வருவது ஒரு வித்தையே அல்ல என்பது அவர் சித்தாந்தம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அத்தான் யாரைக் காப்பியடித்தாரோ அந்த மகானுபாவர் யாரையுமே காப்பியடித்தவரல்லர். 1928-இல் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில், முசிரி சுப்பிரமணிய ஐயர் வர இயலாமற்போன மேடையில் ஏறித் தமது பதினெட்டாம் வயதில் முதல் கச்சேரி செய்த ஜி.என்.பி., அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரிக் கட்டுக்கோப்பைப் போற்றினார். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் பெருக்கெடுத்த ராக விஸ்தாரத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால் எல்லாவற்றையும் தம் தொண்டையிடம் அபிப்பிராயம் கேட்ட பிற்பாடே அங்கீகரித்தார். டைகர் வரதாச்சாரியாரிடமும் அவர் பாடம் கேட்டவர். டைகரின் கற்பனை சமுத்திரம், குரலோ கரடுமுரடு என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. சிஷ்யர் கற்பனையை ஸ்வீகரித்துக்கொண்டு, குரலை மட்டும் குருவினிடமே மரியாதையாக விட்டுவிட்டு வந்தார்! ஜி.என்.பி.யின் சிஷ்யை எம்.எல்.வசந்தகுமாரியும் குருவின் பிருகாக்களைக் குறைவறக் கற்றுக்கொண்டபோதிலும், தாயார் லலிதாங்கி வழியாக வந்த புரந்தரதாசர் பதங்களைக் கைவிட்டாரில்லை.

நானும் என் சின்ன ராஜ்யத்தில் இதே முறையைத்தான் அநுஷ்டிக்கிறேன். சபையில் எனக்கு முன்வரிசையில் அமரும் பெரியவர் ஒருவர், கச்சேரி முழுவதற்கும் ஒரே ஒரு ‘பேஷ்’தான் செலவிடுவார், அதுவும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல் முணுமுணுப்பார். எந்த இடத்தில் சொல்லவேண்டும் என்பதை அவரிடம் பயின்றேன். முணுமுணுப்பை மாத்திரம் எடுத்துக்கொள்ளவில்லை. என் ‘பேஷ்’ கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். கோர்வை முடிந்து சமத்தில் வந்து விழுந்ததும் மிருதங்கக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்றால், அது பயத்தினால் அல்லவென்றே நம்பிவருகிறேன்.

இவ்வளவையும் ஒரு நாள் அத்தானிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

“நீ சொல்வது வாஸ்தவந்தான்டா. இனிமேல் டைகரைப் பின்பற்றப்போகிறேன். குரல் விஷயத்தில் பாதிக் காரியம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது, பார்!”