மாமாவுக்கு இரண்டாம் நம்பர்

மாமனாரின் கணினிக்கு இணையம் வரவேண்டுமானால் மருமகளின் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2006-ல் எங்கள் திருச்சி வீட்டில் இருந்த ஏற்பாடு இதுதான். இதை வகுத்தது நானில்லை, மைக்ரோசாஃப்ட். 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஒரு கணினி மோடத்தோடு நேராகப் பேசும். மற்றது அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மோடத்தில் லேன் கேபிளுக்கு இருந்தது ஒரே ஒரு போர்ட். ரவுட்டர் வாங்கலாமே என்றால், "இருக்கிறத வச்சுச் சமாளி" என்பார் என் கணவர். கணினி விஷயத்தில் இந்த வீட்டுக்கு அவர் செய்த ஒரே உதவி அந்த வாக்கியம்தான்.

என்னுடையது புதியது, விண்டோஸ் எக்ஸ்பி. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு டிடிபி செய்துகொண்டிருந்தேன். மாமாவுடையது விண்டோஸ் 98, இரண்டாம் பதிப்பு. 64 எம்பி ராம். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது பணிக்கொடையில் வாங்கியது. மானிட்டருக்குத் துணி உறை, உறைமேல் பிள்ளையார். 2006 ஜூலை 11 முதல் விண்டோஸ் 98-க்கு ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கைகழுவியதைச் சொன்னேன். "ரிட்டயர் ஆனா என்னம்மா, அகவிலைப்படியாவது குடுக்கணுமில்ல?" என்றார்.

அவர் கணினியில் லேன் கார்டு கிடையாது. தில்லைநகரில் ஒரு கடையில் வாங்கி வந்து பொருத்தினேன். டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுபோய்ச் செருகினால், பென் டிரைவுக்கே ஒரு டிரைவர் வேண்டும் என்றது 98. அந்த டிரைவரும் பென் டிரைவில்தான் இருந்தது. நல்லவேளை, கார்டு வந்த அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு ஃப்ளாப்பி கிடந்தது. அதைப் போட்டதும் விண்டோஸ் சிடியைக் கேட்டது. அதையும் கொடுத்தால் ரீஸ்டார்ட். ஐபி எண்ணைத் தட்டினால் ரீஸ்டார்ட். தட்டியதைத் திருத்தினால் இன்னொரு ரீஸ்டார்ட். மாமா ஒரு ரீஸ்டார்ட்டில் காபி குடித்தார், அடுத்ததில் பேப்பரில் வரி விளம்பரங்களை முடித்தார், அதற்கடுத்ததில் ஒரு தூக்கமே போட்டு எழுந்தார்.

இரண்டு கணினிகளையும் நேராக இணைக்கச் சாதாரணக் கேபிள் உதவாது, கிராஸ்ஓவர் கேபிள் வேண்டும். கடைக்காரப் பையன் கண்ணெதிரிலேயே செய்து கொடுத்தான். எட்டுக் கம்பிகளில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் ஒரு முனையில் மட்டும் இடம் மாற்றி, பல்லால் உறையைக் கடித்து இழுத்து, கிரிம்பிங் டூலில் 'டக்' என்று அமுக்கினான். ஒன்று பேசும் கம்பி மற்றதற்குக் கேட்கும் கம்பியாக வேண்டுமாம். மாற்றாவிட்டால் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கமும் கேட்காது. எங்கள் வீட்டில் அந்த வசதிக்குக் கேபிளே தேவையில்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

நெருடலான கட்டம் எண் கொடுக்கும்போது வந்தது. என் கணினி 192.168.0.1. அவருடையது 192.168.0.2. பின்னால் நின்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணு யாரும்மா?"

"என்னோடது, மாமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் அவசரமாக விளக்கினேன்: உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி முகவரிதான், அதனால் வீட்டுக்குள் எல்லோரும் இந்த எண்களையே வைத்துக்கொள்கிறார்கள், லட்சக்கணக்கான வீடுகளில் இதே ஒன்றும் இரண்டும் உண்டு, வெளியே போகும்போது நம் இருவருக்கும் ஒரே முகவரிதான்.

"அது யார் பேர்ல இருக்கு?"

"போன் கனெக்‌ஷன் உங்க பேர்லதானே, மாமா."

"அப்படிச் சொல்லு."

வேகம் 256 கேபிபிஎஸ். 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கைப்படி, பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள அதுதான் குறைந்தபட்சம். நாங்கள் எதிலும் குறைந்தபட்சத்தைத் தாண்டியதில்லை. எல்லாம் கூடிவந்தால் வினாடிக்கு 32 கிலோபைட், ஐந்து எம்பி பாட்டு இறங்க ஏறத்தாழ மூன்று நிமிடம். அதையும் இரண்டாகப் பங்கு போட வேண்டும். இதில் எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்று: பழைய கணினி கேட்டதை மட்டும் தின்னும், புதியது கேட்காமலே தின்னும். மாமா மஸ்கட்டில் இருக்கும் மகளின் மெயிலைப் படிப்பார், செய்தி பார்ப்பார், மூடிவிடுவார். என்னுடையதோ நான் அடுக்களையில் இருக்கும்போதும் ஆன்டிவைரஸ், அப்டேட் என்று எதையாவது இழுத்துக்கொண்டே இருக்கும்.

மாத அளவைத் தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். கருவூலக்காரர் சும்மா இருப்பாரா? நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டார். தன் கணினியில் ஓர் இலவச மீட்டர் நிரலை நிறுவிக்கொண்டார். மொத்தத்தில் தன்னுடையதைக் கழித்தால் மீதி மருமகள் கணக்கு. ஒன்றாம் தேதி தன் பங்கைச் சில்லறை சகிதம் மேசைமேல் வைத்துவிடுவார். என் கணவர் அதை எண்ணிப் பார்ப்பார்.

இரவு இரண்டு மணிமுதல் காலை எட்டுவரை மட்டும் கணக்கில்லை. பெரிய ஃபைல் எதுவானாலும், பரமபத வாசல் திறக்கக் காத்திருக்கும் ஸ்ரீரங்கத்துக் கூட்டம்போல நான் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

பிறகு நான் கரூரில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. என் கணினியின் பாஸ்வேர்டு என்ன என்று மாமா போனில் கேட்டார். சொன்னேன். அதில் அவருடைய பெயரே இருந்ததில் ஒரு நிமிடம் மகிழ்ந்தார். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்பதில் அந்த மகிழ்ச்சி தீர்ந்தது. நான் திரும்புவதற்குள் வீட்டுக்கு ரவுட்டர் வந்துவிட்டது. அவரே பணம் போட்டு வாங்கியது. டெலிபோன் இருக்குமிடம் என்று சொல்லி, மோடத்தோடு அவர் அறையில் குடியேறியிருந்தது.

"இப்ப ஒண்ணு யாரும்மா?"

"ரவுட்டர்தான், மாமா. நீங்க ரெண்டு, நான் மூணு."

"ரவுட்டர் என் ரூம்லதானே இருக்கு?"

இரவு ஒன்பதரைக்கு டிவியோடு ரவுட்டர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். இரண்டு மணிக்கு மாமனாரின் கதவைத் தட்டி டவுன்லோடு இருக்கிறது என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அவர் நாலரைக்கு எழுந்து சுவிட்சைப் போட்டு, எனக்கு முன்னால் முழு வேகத்தையும் எடுத்துக்கொண்டு, மஸ்கட் பேத்தியின் வீடியோவை இறக்குவார். ஏழே முக்காலுக்கு மூடிவிடுவார். அடுத்த ஒன்றாம் தேதி நோட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே முழுத் தொகை; அவர் பெயருக்கு நேரே, சிவப்பு மையில், 'இல்லை'.