எழுபது ஆயிடுச்சாமே, சந்தோஷம்!

வாப்பா தம்பி, குந்து. எழுபது வயசு ஆயிடுச்சுன்னு இம்மாம் குஷியா வர்ற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். போன வருஷம் வரைக்கும் தலைக்கு மை அடிச்சுக்கினு, 'அறுபத்தஞ்சுகூட ஆவல'ன்னு சொல்லிக்கினு, பெருங்களத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டுல ரெண்டு ரெண்டா தாவின ஆளு நீ. அஞ்சு லட்சம்னு காதுல விழுந்ததும் ஆதார் அட்டையைத் தூக்கிக்கினு கெழவன்னு நிரூபிக்க ஓடியாற.

ஆதார்ல இன்னா போட்டிருக்கோ அதான் வயசு, நல்லா பாத்துக்க. எங்க காலத்துல வாத்தியாரு வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொல்வாரு. தொட்டுட்டா அஞ்சு வயசு. ஜூன் மாசத்துல கைக்கு வந்த ஒரு தேதியை எழுதிக்குவாரு, முடிஞ்சுது. அந்த மனுஷன் ரெண்டு வருஷம் கொறைச்சு எழுதியிருந்தார்னா உனக்கு உத்தியோகத்துல ரெண்டு வருஷம் லாபம். இப்ப அதே ரெண்டு வருஷம் நஷ்டம். முட்டி தேஞ்சு போயிருக்கும், ஆதார் மட்டும் எளவட்டமா இருக்கும்.

சரி, நீ கேட்டு வந்த அஞ்சு லட்ச மருத்துவ அட்டைக்கு வருவோம். 2024 அக்டோபர் 29ந்தேதி டெல்லியில ஆரம்பிச்சது இது. ஆயுஷ்மான் வய வந்தனான்னு பேரு. எழுபதும் அதுக்கு மேலயும் ஆன எல்லாருக்கும். வருமானம் எவ்ளோன்னு கேக்க மாட்டான். உன் ஊட்டு வாசல்ல ரெண்டு கார் நின்னாலும் கேக்க மாட்டான். வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் ஆஸ்பத்திரி செலவு. வெசாரிக்கணும்னா 14555க்கு போன் போடு.

இதை நம்ம ஊரு அட்டையோட போட்டுக் கொழப்பிக்காத. அது வேற கதை. 2009 ஜூலையில கலைஞர் ஆரம்பிச்சாரு, ஒரு குடும்பத்துக்கு நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம்னு. 2012ல ஜெயலலிதா அம்மா வந்து பேரை மாத்தி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடுன்னு வெச்சாங்க. 2018ல டெல்லியோட மொத ஆயுஷ்மான் திட்டத்தோட சேத்து அஞ்சு லட்சமாச்சு. அட்டையில போட்டோ மாறும், பேரு மாறும், நம்ம வியாதி மட்டும் மாறாம இருக்கும். அதுல வருமான வரம்பு உண்டு. முன்னல்லாம் வருஷத்துக்கு 72,000. அப்ப நம்ம ஊர்ல எவனைக் கேட்டாலும் வருமானம் 72,000க்குள்ளதான் இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துல நெலத்தை வித்து மாடி மேல மாடி கட்டினவனும் மாசம் ஆறாயிரத்துல குடும்பம் நடத்தினான். எப்பிடி நடத்தினான்னு பொருளாதாரம் படிச்சவன் வந்து பாக்கணும். அப்பால வரம்பை 1,20,000 ஆக்கினாங்க. ஒரே ராத்திரியில ஊர்ல எல்லாருக்கும் சம்பளம் ஏறிடுச்சு.

அந்த அட்டை வேணும்னா ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூணையும் எடுத்துக்கினு கலெக்டர் ஆபீசுக்குப் போவணும். நல்லவேளை, 2019ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆச்சு. இல்லைன்னா இதுக்கோசரம் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறணும். ஒண்ணு மறந்துடாத. ரேஷன் கார்டுல உன் பேரு எங்க இருக்குன்னு பாரு. பெரிய பையன் கார்டுலயா, சின்னவன் கார்டுலயா? சர்க்கரை வாங்க மட்டும் அப்பா அம்மா பேரு கார்டுல இருந்துச்சு. மருமவ வந்த பெறகு எந்தக் கார்டுக்குப் போச்சுன்னு யாரும் தேடிப் பாக்கறதில்ல.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வரேன், காதைக் கொடு. அஞ்சு லட்சம் அஞ்சு லட்சம்னு குதிக்கிறியே, உனக்கு மாசா மாசம் துட்டு எதுல போவுது? சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்த டெஸ்ட், டாக்டர் பீசு, ஆட்டோ காசு. இதுல ஒரு காசுகூட அந்த அட்டை தராது. கல்யாண ஊட்டுப் பந்தி மாதிரி அது. எலை போட்டு குந்தினாத்தான் சோறு, பார்சல் கிடையாது. ஆஸ்பத்திரியில படுக்கணும். படுக்கறதுக்கு முன்ன மூணு நாள், ஊட்டுக்கு வந்த பெறகு பதினஞ்சு நாள், அந்தச் செலவு வரைக்கும் பாத்துப்பான். மீதி வருஷத்துல முந்நூத்து சொச்ச நாளும் உன் பை, உன் மாத்திரை.

அதனால மாத்திரைக்குத் தனியா வழி தேடு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்ப, ஊட்டு வாசல்லயே வந்து பிரஷர் பாத்து மாத்திரை தந்தாங்க. அடுக்குமாடிக்காரன் நீ, 'அதெல்லாம் நமக்கில்ல சார்'னு கதவைச் சாத்திட்டு, மெயின் ரோட்டு மருந்துக் கடையில பத்து பர்சன்ட் தள்ளுபடி கேட்டு வாங்கின. 2025 பிப்ரவரியில முதல்வர் மருந்தகம்னு ஒரே நாள்ல ஆயிரம் கடை தெறந்தாங்க. பேரு இல்லாத மாத்திரை, வெலை கம்மி. வியாதிக்கு பிராண்டு பாக்கத் தெரியாது தம்பி, உனக்குத்தான் தெரியும்.

நீ கிண்டி எஸ்டேட் கம்பெனியிலதான வேலை பாத்த? சம்பளத்துல இ.எஸ்.ஐ. புடிச்சாங்களா, கடைசி வரைக்கும்? அப்ப உன்னை நெனச்சாத்தான் எனக்கு சிரிப்பு வருது. அஞ்சு வருஷமாவது இ.எஸ்.ஐ.ல இருந்து, வயசாயி ரிட்டயர் ஆனவன், மாசம் பத்து ரூபா கணக்குல வருஷத்துக்கு 120 ரூபா முன்பணமா கட்டினா, அவனுக்கும் பொண்டாட்டிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். மாத்திரையும் உண்டு, டாக்டரும் உண்டு, படுத்தா கே.கே. நகர் ஆஸ்பத்திரியும் உண்டு. நூத்தியிருபது ரூபா! நீ வாரத்துக்கு டீக்கும் வடைக்கும் அதைவிட அதிகமா கட்டுற. இ.எஸ்.ஐ. இருக்கறவனுக்கு எழுபது வயசு அட்டை கிடையாதுன்னு எவனாவது சொன்னா நம்பாத, ரெண்டும் வெச்சுக்கலாம். ஆனா உன் எதிர் ஊட்டு ஏர்ஃபோர்ஸ்காரர் இருக்காரே, அவரு மாஜி ராணுவக்காரங்களுக்கான இ.சி.எச்.எஸ்.ஸா இதுவான்னு ஒண்ணைத்தான் புடிக்கணும். சி.ஜி.எச்.எஸ்.ல இருக்கற சென்ட்ரல் கவர்மென்ட்காரனுக்கும் அதே கதி. அவங்க கையில இருக்கற நல்லதை விட்டுட்டு இதுக்கு ஓடாம இருந்தா சரி.

நியூஜெர்சியில இருக்கற உன் பையன் இன்னா சொல்றான்? 'அப்பா, பிரைவேட்ல ஒரு பாலிசி எடுத்துடறேன்'னானா? எடுக்கட்டும். 2024 ஏப்ரல்லேர்ந்து அறுபத்தஞ்சுக்கு மேல புதுசா பாலிசி தரமாட்டேன்னு கம்பெனிக்காரன் வயசு வரம்பு போட முடியாது. 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்ல. ஆனா பழைய வியாதிக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வெப்பான். உன் சர்க்கரையைக் கூப்ட்டு, 'அம்மாடி, மூணு வருஷம் கம்முனு இரு'ன்னு சொல்லிப் பாரு, கேக்குதான்னு. கவர்மென்ட் அட்டையில அந்த வம்பு இல்ல. பழைய வியாதியையும் மொத நாள்லேர்ந்தே எடுத்துக்குவான்.

'அமெரிக்காவுக்கே வந்துடு'ன்னானா? அங்க 65 ஆனா மெடிகேர்னு ஒண்ணு, 1965ல சட்டம் போட்டது. ஏ, பி, சி, டின்னு பள்ளிக்கூடப் பாடம் மாதிரி நாலு பிரிவு. அதுல பி-க்கு மட்டும் 2025ல மாசம் 185 டாலர். நீ டூரிஸ்ட் விசாவுல போயி பேரனுக்கு நாப்கின் மாத்தினா அதெல்லாம் கிடையாது. கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் அங்கயே பனியில நடுங்கின பெறகுதான் காசு கட்டிச் சேர முடியும். அதுக்கு நம்ம தாம்பரம் சானடோரியம் காத்து எவ்ளோ தேவலாம். அந்தக் காலத்துல டி.பி. நோயாளிக்கு இந்தக் காத்தே மருந்துன்னு 1928ல சௌரி முத்து டாக்டர் அங்க ஆஸ்பத்திரி வெச்சாரு. காப்பீடே இல்லாம வைத்தியம் பாக்கற கவர்மென்ட் ஆஸ்பத்திரி இன்னும் அங்க இருக்கு. கிண்டியில 2024 பிப்ரவரியில வயசானவங்களுக்குன்னே 200 படுக்கையில ஒண்ணு தெறந்தாங்க. உன் கம்பெனி இருந்த பக்கம்தான், போய்ப் பாத்தியா? மாட்ட. கண்ணாடிக் கதவும் ரிசப்ஷன்ல பொண்ணும் இருந்தாத்தான் உனக்கு அது ஆஸ்பத்திரி.

சரி, அந்தக் கண்ணாடிக் கதவுக்கே போ. ஆனா நெஞ்சு வலிக்கறப்ப போய்க் கேக்காத, நல்லா இருக்கறப்ப போய்க் கேளு. 'இங்க இந்த அட்டை எடுத்துக்குவீங்களா'ன்னு மட்டும் கேட்டா தலையை ஆட்டுவான். 'எழுபது வயசு அட்டையை எடுத்துக்குவீங்களா, இதய வைத்தியத்துக்கு எடுத்துக்குவீங்களா, முட்டிக்கு எடுத்துக்குவீங்களா'ன்னு ஒவ்வொண்ணா கேளு. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கண்ணுக்கு அனுமதி இருக்கும், நெஞ்சுக்கு இருக்காது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இவ்ளோன்னு ரேட்டு எழுதி வெச்சிருக்கான். அதுக்கு மேல 'கொஞ்சம் கட்டுங்க சார்'னு கேட்டா, கட்டக் கூடாது. தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993. அந்த நம்பரைச் செல்போன்ல போட்டு வெக்காத, உன் கண்ணாடி கிடைக்கறதுக்குள்ள பேஷண்டு போயிடுவான். காலண்டர்ல பெருசா எழுதி மாட்டு.

கெளம்பு, வெயில் ஏறுது. போறப்ப உன் சம்சாரத்தோட ஆதாரையும் எடுத்துக்கோ, அதுக்கும் எழுபத்தொண்ணு ஆயிடுச்சே. இன்னா முழிக்கற? ஆளுக்கு அஞ்சு லட்சம்னு நெனச்சியா? ஒரே ஊட்டுல எழுபது தாண்டினவங்க ரெண்டு பேர் இருந்தா, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அஞ்சு லட்சம். இந்த வருஷம் யாரு படுக்கறதுன்னு ஊட்டுலயே பேசி முடிச்சுட்டு வாங்க.