கொல்லிமலை ஏறப்போற தம்பிக்கு

வாடா அப்பு, உக்காரு. பசியாறிட்டியா? இல்லையா? பட்டினியும் பயிற்சியில சேர்த்திதானா?

சேதி வந்துச்சு. சிங்கப்பூர்லேருந்து போய்ச் சென்னையில இறங்கி, சைக்கிள்லயே புதுச்சேரி, ஆரோவில், திருவண்ணாமலை, ஜவ்வாது மலை, ஏற்காடு, கொல்லிமலைன்னு ஒரு சுத்து. நடுவுல ஆசிரமத்துல தங்கி உன்னையே நீ தேடப்போறியாம். உங்கம்மா சொல்லுச்சு. தேடு, நல்லாத் தேடு. ஆனா துவைச்ச சட்டை எந்த அலமாரியில இருக்குன்னு இன்னைக்கும் உங்கம்மாதானே தேடிக் குடுக்குது? ஆத்மாவுக்கு முன்னாடி அந்தச் சட்டையில கொஞ்சம் கைபழகக் கூடாதா?

சைக்கிளத் தூக்கிப் பாத்தேன். காத்துல செஞ்ச மாதிரி இருக்கு. கார்பன்ங்கிறே. விலை என்னன்னு நான் கேக்கல, நீயும் வீட்டுல சொல்லியிருக்க மாட்டே. பெரிய பந்தயத்துக்கே சட்டம் இருக்காம், வண்டி 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு. நீ என்ன பந்தயத்துக்கா போறே? முன்னூறு கிராம் குறைக்க ஆயிரம் வெள்ளி குடுக்கிறே. தேக்காவுல ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து சாப்புடுறியே, அந்த மூணாவது பரோட்டாவ விட்டா முன்னூறு கிராம் சும்மாவே குறையுமேடா? அதுக்குக் கடைக்காரன் காசா கேக்கப் போறான்?

அப்புறம் அந்தச் சிலுவாரு. பின்பக்கம் பஞ்சு வச்சது. அதப்பத்தி நான் ஒன்னும் சொல்லல. கோயில் வாசல்ல மட்டும் மேல ஒரு வேட்டியச் சுத்திக்க.

மலைக்குப் பழகணும்னு வாரா வாரம் ஃபேபர் மலையில ஏறி இறங்குறே. பாவந்தான். நம்ம ஊர்லயே பெரிய மலை புக்கித் தீமா, அதுவே 164 மீட்டரத் தாண்டாது. கொல்லிமலையில மட்டும் எழுபது கொண்டை ஊசி வளைவு. இங்க நூறு தடவை ஏறுனாலும் அந்த ஏத்தம் வராது, ஏன்னா இங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இறக்கம் வந்து உன்னத் தாலாட்டிடும். கூட்டாளிங்களோட போறதுக்கும் இங்க கணக்கு இருக்கு. 2022-லேருந்து ரோட்டுல பத்துப் பேருக்கு மேல ஒரே கூட்டமாப் போகக் கூடாது. நல்ல சட்டம். சைக்கிள் ஓட்டுறவன் பத்துப் பேரு சேர்ந்தா நடுவுல பேச்சு நுழைய இடம் ஏது? எல்லாம் பல்சக்கரம்தான்.

ஒரு காலத்துல இதே சிராங்கூன் ரோட்டுல பால்காரங்க விடியறதுக்கு முன்னாடி சைக்கிள் மிதிச்சாங்க. கேரியர்ல பால் டின்னு, கைப்பிடியில இன்னும் ரெண்டு. வண்டி இரும்பு. மழைன்னாலும் நிக்க முடியாது, புள்ளைக்குப் பால் வேணுமே. அவங்க யாரும் இதத் தவம்னு சொல்லிக்கல. அவங்க நெஞ்சுத் துடிப்ப எந்தக் கடியாரமும் எண்ணல. வீட்டுக்குப் போனா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னு பொண்டாட்டி கேக்கும். அவ்வளவுதான் பாராட்டு.

தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி போகுதே. மூணு கிலோமீட்டருக்கு மேல இருக்கும். விரதம் இருந்து, அலகு குத்தி, அத்தனை பாரத்தத் தூக்கிப் போறவன் மறுநாள் காலையில வேலைக்கு நிக்கிறான். விமான டிக்கெட்டு எடுத்தானா? முன்கூட்டி நாலு மாசம் ஊருக்கெல்லாம் சொன்னானா?

சரி, திருவண்ணாமலைக்கு வருவோம். நீ தங்கப்போறது ரமணாசிரமம்னு சொன்னே. அந்த ரமணர் எப்படி அங்க போனாருன்னு தெரியுமா? மதுரையில படிச்சுக்கிட்டிருந்த பதினாறு வயசுப் பையன். காலேஜ் சம்பளம் கட்ட அஞ்சு ரூபா எடுத்துட்டுப் போன்னு அண்ணன் சொன்னாரு. பையன் அதுல மூணு ரூபாயத்தான் எடுத்தான். மீதி ரெண்டையும் ஒரு சீட்டையும் வீட்டுலயே வச்சிட்டு ரயில் ஏறிட்டான். வழியில காசு தீந்துபோச்சு. கொஞ்ச தூரம் நடை. கீழூர்ல காதுக் கடுக்கன அடகு வச்சு நாலு ரூபா வாங்குனான். மீட்கிறதுக்குக் குடுத்த சீட்டையும் கிழிச்சுப் போட்டுட்டான். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேந்தான். அப்புறம் அந்த ஊர விட்டு வரவே இல்ல.

நீ திரும்பி வர டிக்கெட்டையும் எடுத்துட்டே, சைக்கிளுக்குக் காப்பீடும் எடுத்துட்டே. தப்பில்லப்பா. துறவுக்குக் காப்பீடு உண்டான்னு மட்டும் கம்பெனிக்காரங்கிட்டக் கேட்டு வை.

ஆசிரமம்னா கண்ண மூடிக்கிட்டு மயில் அகவுறதக் கேக்குற இடம்னு நெனைக்கிறே. மயில் இருக்கு, குரங்கும் இருக்கு. ஆனா ரமணரு விடியக்காலையில எங்க இருப்பாரு தெரியுமா? சமையல்கட்டுல. காய் நறுக்குவாரு. சட்னிக்கு அரைப்பாரு. காம்பையும் தோலையும் வீணாக்க விடமாட்டாரு. கீழ சிந்துன அரிசியப் பொறுக்கி எடுப்பாரு. இலை தைப்பாரு. பந்தியில அடுத்தவனுக்கு விழாத பலகாரம் தன் இலையில விழுந்தா ஒத்துக்க மாட்டாரு. உலகத்துல எங்கெங்கேயோ இருந்து ஞானம் கேக்க வந்தவங்க, அந்த மனுஷனக் கத்திரிக்காயும் கையுமாப் பாத்திருக்காங்க. உங்கம்மாவும் தெனம் விடியறதுக்கு முன்னாடி அதே வேலையத்தான் பாக்குது. அத நீ என்னைக்காவது தரிசனம் பண்ணியிருக்கியா?

ஆரோவில்லும் அப்படித்தான். 1968-ல ஆரம்பிச்சப்போ அது வெறும் செம்மண் பொட்டல். இன்னைக்கு நீ நெழல்ல சைக்கிள் விட்டுப் படம் புடிக்கப்போற காடு, முதுகு வளைஞ்சு குழி தோண்டி நட்டது. தியானம் பண்ணுனாங்க, இல்லன்னு சொல்லல. தண்ணி சொமந்தது அதவிடக் கூடவா இருக்கும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அத சைக்கிள்ல சுத்தி வந்து "முடிச்சிட்டேன்"னு சொல்லாதே. பௌர்ணமி ராத்திரியில போய்ப் பாரு. மூட்டுவலிக்காரக் கிழவி வெறுங்காலோட, பேத்தியத் திட்டிக்கிட்டே உன்னத் தாண்டிப் போகும்.

இவ்வளவு சொன்னதால போகாதேன்னு அர்த்தமில்ல. போ. மலைப்பாதையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, அது அங்க சட்டம். ஆனா பஸ்ஸுக்காரன்கிட்ட சட்டம் பேசாதே, ஓரம் ஒதுங்கு. இறங்கும்போது பிரேக்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வராதே, சூடேறிப்போகும். விட்டு விட்டுப் புடி. வெயிலுக்கு முன்னாடி கெளம்பு. வழியில டீக்கடையில நில்லு. "எங்கப்பா போறே?"ன்னு கேப்பாங்க. "என்னத் தேடிப் போறேன்"னு சொல்லித் தொலைக்காதே, போலீசக் கூப்புட்டுடுவாங்க. "கொல்லிமலைக்கு"ன்னு சொல்லு, போதும்.

ஒரே ஒரு வேலை மட்டும், கெளம்புறதுக்கு முன்னாடி. புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயில்ல அன்னதானம். காய் நறுக்க ஆள் வேணுமான்னு விடியக்காலையில போய்க் கேளு. கொண்டை ஊசி வளைவு கிடையாது, பஞ்சு சிலுவாரு தேவையில்ல. பூசணிக்காய் மலை மாதிரிக் குவிஞ்சிருக்கும். உன் சைக்கிள வெளியில நல்லாப் பூட்டிட்டு உள்ள போ.