கொப்பரை உபாசகர்

அமெரிக்க நகரங்களின் புறப்பகுதிகளில், காரை மழையிலும் பனியிலும் வாசலில் நிறுத்திவிட்டு, மோட்டார் கொட்டகையில் எஃகுப் பாத்திரங்களைக் குடியேற்றியிருக்கும் கனவான் ஒருவரைக் கண்டால், அவர் வீட்டிலேயே பீர் காய்ச்சும் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலும் நிச்சயித்துவிடலாம். 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வயதுவந்தவர் ஒருவரே வசிக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலனும், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலனும் வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள இடந்தருகிறது. விவாகத்தின் பிரத்தியட்ச பலன்களில் இதுவும் ஒன்று என்று நம்மவர் தம் மனைவியிடம் எடுத்துரைத்ததாகவும், அந்த அம்மையார் மௌனம் சாதித்ததாகவும் கேள்வி.

ஆரம்பத்தில் அவர் வழக்கப்படி 5 காலனுக்கே சங்கற்பம் செய்துகொண்டார். அது ஏறக்குறைய 19 லிட்டர். சிறு புட்டிகளில் அடைத்தால் ஐம்பதை எட்டும். அவ்வளவையும் ஒரே ஈட்டில் கொதிக்கவைக்க, ஆவியாகிப் போவதற்கும் நுரைத்துப் பொங்குவதற்கும் இடம்விட்டு, 8 காலனாவது கொள்ளும் பாத்திரம் வேண்டுமென்பதும், அத்தகைய பாத்திரம் சமையலறை அடுப்பில் எளிதில் கொதிநிலையை அடையாதென்பதும், அது வீடு வந்து சேர்ந்த பிறகே விளங்கின. உடனே ப்ரோப்பேன் அடுப்பு வந்தது. அதை வீட்டுக்குள் எரித்தால் விஷவாயு சேருமாதலால் யாகசாலை முற்றத்துக்கு மாறிற்று. கொதித்த மால்ட் கஷாயத்தை ஈஸ்ட் பிழைக்கும் சூட்டுக்கு விரைந்து ஆற்றச் செம்புக் குழாய்ச் சுருள் வந்தது. அதை நொதிக்கவைக்கக் கண்ணாடிக் குடமும், நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட மறுநாளே பிளாஸ்டிக் வாளியும் வந்தன. கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்க்கப்போய்ச் சம்சாரியான சந்நியாசியின் சரித்திரமே இது.

"ஒரு காலன் மட்டும் காய்ச்சினால் என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். மால்ட்டை ஊறவைக்க ஒரு மணி, கொதிக்கவைக்க ஒரு மணி, கழுவித் துடைக்க அதற்கும் மேல். காலன் ஒன்றானாலும் ஐந்தானாலும் ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதானே என்பார். தர்க்கரீதியில் இதற்கு மறுப்பே கிடையாது. கிராம்பும் பூசணியும் கலந்து அவர் சுயமாகக் கற்பித்த பீரில் ஐம்பது புட்டி சேர்ந்து, அவற்றைக் குடித்துத் தீர்க்க ஆள் தேடும்போதுதான் அதன் குறை புலப்படும். அவரோ இரவில் ஒரு கோப்பைக்கு மேல் தொடாத மிதவாதி. சட்டமோ விற்பனையைத்தான் தடுக்கிறது. தானத்தைத் தடுக்காதது அண்டை வீட்டாரின் துரதிருஷ்டம்.

கடைசியில் அவர்களே தூது வந்து மன்றாடியதன்பேரில், பரீட்சார்த்தமாக ஒரு காலன் காய்ச்ச இசைந்தார். சாமான்கள் குறையுமென்று அம்மையார் மகிழ்ந்தது வீண். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட எடுக்கும் அளவே சிறிய ஈட்டில் பெருநஷ்டம் என்று சொல்லி, சில துளிகளிலேயே சர்க்கரையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தருவித்தார். கொதிகலனும் ஜாடியும் சிறிய பரிமாணத்தில் மறுபடி வாங்கப்பட்டன. அந்த ஈடு, யார் செய்த புண்ணியமோ, அபாரமாக அமைந்துவிட்டது. பத்துப் புட்டியும் ஒரே மாலையில் காலியாகி, வரலாற்றிலேயே முதன்முறையாக அண்டை வீட்டார் இன்னும் வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலை 10 காலன் ஈட்டுக்குரிய கொப்பரையின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். அதை மனிதர் தூக்குவது அசாத்தியமாகையால் கூடவே பம்பு ஒன்றும் அவசியமாம்.