பயந்தாங்கொள்ளியா இரு, பேராண்டி

பேராண்டி, நீ அனுப்புன வீடியோ பார்த்தேன். டொரன்டோவுல வாசப்படி தெரியாம பனி கொட்டிக் கெடக்கு. நீ கையில பிளாஸ்டிக் மம்பட்டியோட நின்னுக்கிட்டு, "தாத்தா, பனிப்புயலுக்கு ஏதாச்சும் யோசனை சொல்லுங்க"ன்னு கேக்குறே. நல்ல ஆளாப் பார்த்துத்தான் கேட்டே! எங்க ஊரு த்வாண்டேயில பனியை நான் பார்த்ததெல்லாம் மீன்கடையில ஐஸ் பெட்டியைக் கவுக்கும்போதுதான். இந்த பர்மா தேசத்துல நெசப் பனி பார்க்கணும்னா வடக்கே கச்சின் மலைக்குப் போயி, 5,881 மீட்டர் உசரம்னு சொல்ற காகபோ ராசி உச்சிக்கு ஏறணும். அந்த உச்சியில மனுசன் கால் வச்சதே 1996லதான். எனக்கு இங்க ஷ்வேசண்டோ பகோடா படி ஏறவே மூச்சு முட்டுது.

ஆனா புயல்னு ஒன்னைக் கேட்டே பாரு, அதுக்கு நான் யோசனை சொல்லலாம். வெள்ளையா வந்தா என்ன, கறுப்பா வந்தா என்ன, வீட்டுக்குள்ள நம்ம படுற பாடு ஒன்னுதான்.

மொத யோசனை: வீரனா இருக்காதே. சுத்தப் பயந்தாங்கொள்ளியா இரு. ஊரே பார்த்துச் சிரிக்கிற மாதிரி பயப்படு.

ஏன்னு கேளு. 2008ல நர்கிஸ் புயல் வந்துச்சே, அது ஏப்ரல் 27ஆந் தேதி வாக்குல வங்காள விரிகுடா நடுவுல பொறந்துச்சு. பொறந்த கையோட வடமேக்கா, இந்தியாப் பக்கம் போற மாதிரி போக்குக் காட்டுச்சு. 'அட, அது அவங்க தலைவலி'ன்னு இங்க எல்லாரும் காலை நீட்டிப் படுத்தாங்க. நடுக்கடல்ல அதுக்கு என்ன தோணுச்சோ, கிழக்கே திரும்பிடுச்சு. எந்த எடத்துல கரை ஏறும்னு இந்திய வானிலைக்காரங்க 48 மணி நேரத்துக்கு முன்னாடியே பர்மாவுக்குச் சொல்லிட்டாங்க. அந்தச் சேதி டில்லியிலேருந்து எங்க தலைநகரு நேப்பிடோ வரைக்கும் ஒழுங்கா வந்து சேர்ந்துச்சு. நேப்பிடோவுலேருந்து ஆத்தங்கரை வரைக்கும் நடந்து வர்றதுக்குள்ளதான் களைச்சுப் போச்சு போலிருக்கு. ரேடியோவுல மழை, காத்துன்னு ஏதோ சொன்னாங்க. மழை, காத்து இல்லாத மே மாசம் எங்க ஊர்ல எப்ப இருந்துச்சு?

எங்க தெருவுல ஒரு வீரர் இருந்தார். பேரு வேண்டாம், இன்னும் திடகாத்திரமாத்தான் இருக்கார். "எங்க பாட்டன் காலத்துலேருந்து நாங்க பார்க்காத காத்தா?"ன்னு வெத்தலையைப் போட்டுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்தார். அவருக்கு எதிர்வீட்டுல ஒரு ஆத்தா. அது ஊரறிஞ்ச பயந்தாங்கொள்ளி. இடி இடிச்சா கட்டிலுக்கடியில பூந்துக்கும். அந்த ஆத்தா வெள்ளிக்கிழமை காலையிலேருந்து கூரைமேல கயிறு போட்டு நாலு மூலையிலயும் முளையடிச்சுக் கட்டுச்சு. வீட்டுல இருந்த அத்தனை பானையிலயும் தண்ணி ரொப்புச்சு. பானைக்கா எங்க ஊர்ல பஞ்சம்? ஓபோ பகுதிக் குயவருங்க சுட்ட, ஆளு உட்கார்ற அளவு மொடாவெல்லாம் இங்க வீட்டுக்கு வீடு நிக்கும். தண்ணி ரொப்பி, வாயை மூடி, நெருப்புப் பெட்டியை எண்ணெய்த் துணியில சுத்தி, அரிசியைப் பரண்மேல ஏத்துச்சு. வீரர் திண்ணையில இருந்தபடியே, "என்ன ஆத்தா, கல்யாணமா வச்சிருக்கே?"ன்னார். தெருவே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், அது வேற விசயம்.

அன்னிக்கு மே 2. சாயங்காலம் ஐராவதி டெல்டாவுல கரை ஏறுன புயல், ராத்திரியோட ராத்திரியா நடந்து மூணாந்தேதி விடியக்காலம் ரங்கூனுக்கு வந்துடுச்சு. தகரம் பறக்குறதைக் கண்ணால பார்த்திருக்கியா நீ? ஓலை பறந்தா ஓலைதான். தகரம் பறந்தா கத்தி. அதனால காத்து நின்ன மாதிரி இருந்தாலும் வெளியில தலையை நீட்டக் கூடாது. புயலோட கண்ணு தலைக்கு மேல வந்தா நிமிசத்துல எல்லாம் ஓஞ்சுடும். அப்புறம் எதிர்த்திசையிலேருந்து திரும்ப அடிக்கும். 'முடிஞ்சிருச்சு'ன்னு வெளியில வர்றவனுக்குத்தான் அந்த ரெண்டாவது அடி.

விடிஞ்சு பார்த்தா வீரருக்குத் திண்ணை இருந்துச்சு, திண்ணைக்கு மேல ஆகாசம் இருந்துச்சு. அவரோட தகரம் அடுத்த ஊர் வயக்காட்டுல கெடந்ததா தகவல். ஆத்தா வீட்டுக் கூரை கொஞ்சம் கோணிக்கிட்டு, அதே எடத்துல நின்னுச்சு. மத்தியானத்துக்குள்ள சொம்பு, கொடம், போணின்னு தூக்கிக்கிட்டுத் தெருவே அது வாசல்ல வரிசை கட்டிடுச்சு. மொத ஆளு யாருன்னு நெனைக்கிறே? வீரர்தான். ஆத்தா முறைச்சுக்கிட்டே ஊத்துச்சு.

இதுல சிரிக்க முடியாத பக்கமும் ஒன்னு இருக்கு, அதையும் கேட்டுக்க. எங்களுக்குக் காத்தோட போச்சு. எங்களுக்குத் தெற்கே குன்ஜாங்கோன், கொமு பக்கம் எங்களைவிட மோசம். இன்னும் மேக்கே போனா, லபுத்தாவுல 12 அடி வரைக்கும் கடல் எந்திரிச்சு வந்து, ஊருக்குள்ள மைல் கணக்குல பூந்துடுச்சு. செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்ந்து 1,38,000 பேர். முக்கால்வாசி தண்ணி கொண்டுபோன உசுருங்க. கடலைத் தடுக்க அங்க அலையாத்திக் காடு இருந்துச்சு. அதை வெட்டி நெல்லு போட்டது ஒரு நாள், ரெண்டு நாள் கதையில்லை. வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சது. வெட்டவும் நடவும் கடன் கொடுத்ததுல நம்ம செட்டிமாருக்கும் பங்குண்டு, கூலிக்கு வந்த நம்ம சனத்துக்கும் பங்குண்டு. பர்மா அரிசி உலகத்துக்கே சோறு போட்டுச்சுன்னு பெருமை பேசுறப்ப இதையும் கொஞ்சம் ஓரமா வச்சுப் பேசணும். விடு, உனக்கு அங்க காடு வெட்டுற வேலை இல்லை.

உனக்கு இருக்குறது கரண்டு வியாதி. அடுப்பு கரண்டு, ஹீட்டர் கரண்டு, கதவு கரண்டு. 2013 டிசம்பர்ல உங்க ஊர்ல ஐஸ் மழை பெஞ்சு மரமெல்லாம் கம்பி மேல சாஞ்சு, மூணு லட்சம் வீட்டுக்குக் கரண்டு போச்சாமே. உங்க சர்க்கார், '72 மணி நேரத்துக்கு வேண்டியதை வீட்டுல வச்சுக்கோ'ன்னு நோட்டீசு போட்டுச் சொல்லுது. 72 மணி நேரம்! எங்களுக்கு ரங்கூன்லயே கரண்டு வர வாரக்கணக்காச்சு. மோட்டார் ஓடாம மாடி வீட்டுக்காரன் தண்ணிக்கு அலைஞ்சான். மெழுகுவத்தி விலை ஏறுச்சு. தகரத்துக்கும் ஆணிக்கும் ஏறுன விலையைக் கேட்டா, பறந்துபோன தகரத்தைத் தேடிப் போறதே மேல்னு தோணுச்சு. உனக்கு ஒரு சௌகரியம் இருக்கு பேராண்டி: கரண்டு போனா ஃபிரிட்ஜைப் பத்திக் கவலையில்லை. மீன் குழம்பைத் தூக்கி வாசல்ல வை. உங்க தெருவே ஃபிரிட்ஜுதான். நரி தூக்கிட்டுப் போகாம மூடி மேல ஒரு கல்லை வை, போதும்.

குளிருதுன்னு கரியடுப்பையோ பார்பிக்யூவையோ மட்டும் வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்துடாதே. அந்த ஐஸ் மழையப்ப உங்க பக்கத்துல சிலபேர் அதைச் செஞ்சாங்க. அந்தக் கரியிலேருந்து வர்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, நெறம் கிடையாது. கொட்டாவி விடுறோம்னு நெனைச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துடலாம். கார்ல உட்கார்ந்து சூடு பண்ணிக்கிறேன்னு சொல்லுவே. பின்னாடி புகைக்குழாய் பனியில பொதைஞ்சிருந்தா அதுவும் அதே கதைதான். எங்க ஊரு குடிசையில ஆயிரம் ஓட்டை. நாங்க புகையில இருமுவோம், சாக மாட்டோம். ஒரு பொட்டு காத்து நுழையாம அடைச்சுக் கட்டுன உன் வீடு இருக்கே, அதுக்குத்தான் நான் பயப்படுறேன்.

அந்த மம்பட்டியையும் கொஞ்சம் கீழ வை. பனி பஞ்சு மாதிரி இருக்குன்னு படம் போடுறே. ஈரப் பனியை ஒரு வாரு வாரிப் பாரு, சேறு அள்ளுன எனக்கே இடுப்பு விட்டுடும். உங்க நாட்டுல பனி அள்ளப் போயி மாரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றவங்க வருசா வருசம் உண்டு. கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்து வயிறு வளர்த்துட்டு, திடீர்னு விடியக்காலைக் குளிர்ல சூரத்தனம் காட்டாதே. கொஞ்சம் கொஞ்சமா அள்ளு. தூக்காதே, தள்ளு. பக்கத்து வீட்டுக்காரன் உன்னைவிட வேகமா அள்ளுறானா? அள்ளட்டும். முடிஞ்சதும் உன் வாசலையும் சேர்த்து அள்ளுவான்.

ரொம்பப் போச்சுன்னா பட்டாளத்தைக் கூப்பிடுங்க. உங்க ஊர் மேயர் மெல் லாஸ்ட்மன் 1999 ஜனவரியில பனி அள்ளப் பட்டாளத்தைக் கூப்பிட்டார்னு நாடே கேலி பண்ணுச்சாம். என்ன கேலி வேண்டிக் கெடக்கு? எங்க நாட்டுல பட்டாளத்தை யாரும் கூப்பிட வேண்டியதே இல்லை, எப்பவும் கூடவே இருக்கும். 2008 மே மாசம் அந்த முதல் நாலு நாள்லதான் ஆளைக் காணோம். ரங்கூன் ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்தவங்க பாதிப்பேரு காவி கட்டின சாமியாருங்களும் தெருச் சனமும்தான். அமெரிக்கன், பிரெஞ்சுக்காரன் கப்பலெல்லாம் அரிசியும் மருந்துமா வந்து கடல்ல நின்னுச்சு. 'கரைக்கு வராதே'ன்னு சொல்லியாச்சு. நின்னு நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. ஆனா ஓட்டுப் பெட்டி மட்டும் சொன்ன தேதிக்கு வந்துச்சு. மே 10ல புது அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. புயல் அடிச்ச பக்கத்துக்கெல்லாம் பெரிய மனசு பண்ணி 24ஆந் தேதி வரைக்கும் தவணை கொடுத்தாங்க. 92 சதவீதத்துக்கு மேல 'சரி'ன்னு சொல்லிட்டாங்கன்னு கணக்குச் சொன்னாங்க. கூரை இல்லாதவனும் அதுல இருந்திருப்பான். மழை நனைச்ச விரலுக்கு மை ஒட்டுச்சான்னு நான் கேக்கலை.

உங்க சர்க்கார் நேரத்துக்குச் சொல்லுது, வண்டி அனுப்புது, உப்பு தூவுது. அதுக்காக அதை நம்பிக் கையைக் கட்டிக்கிட்டு உட்காராதே. மொத ராத்திரி எந்த சர்க்காரும் வராது. அந்த ராத்திரிக்கு வேண்டிய தண்ணி, சோறு, போர்வை, டார்ச்சு, உங்க அப்பத்தாவோட பிரஷர் மாத்திரை எல்லாம் வானம் நல்லா இருக்குறப்பவே வீட்டுல இருக்கணும். கடையில அதையெல்லாம் அள்ளிப் போடுறப்ப பின்னாடி நிக்கிறவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பான். நீயும் சேர்ந்து சிரி. குழாய்த் தண்ணி உறையாம இருக்க ராத்திரி கொஞ்சம் சொட்ட விடு. தண்ணி வரி ஏறுமேன்னு கணக்குப் பார்க்காதே, குழாய் வெடிச்சா அதுக்கு மேல ஆகும்.

அப்புறம், உங்க கட்டடத்துல கீழ்வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவி தனியா இருக்குன்னு போன வருசம் சொன்னியே. உனக்கு இடியாப்பம் கொடுக்குற கிழவி. இவ்வளவு நேரம் வீடியோ எடுத்தியே, அது கதவை ஒரு தடவை தட்டுனியா? பனி விழுந்தா வயசானதுங்க வெளிய வராது, கேட்டா 'எனக்கொண்டும் இல்லைத் தம்பி'ன்னு வேற சொல்லும். நம்பாதே. உள்ள போயி அடுப்பு எரியுதா, வீடு சூடா இருக்கான்னு பாரு. வழியில பொழுதுபோக்காம இப்பவே இறங்கிப் போ. போறப்ப கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கிட்டுப் போடா, காது உறைஞ்சு போச்சுன்னா தாத்தா சொல்றதை எதுல கேப்பே?