காலி வீதியில் என் பன்னிரண்டடி

வெளிக்கிடுவது என்பது எங்கள் ஆட்களிடம் ஒரு தனிக்கலை. “வெளிக்கிட்டிட்டம்” என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்று நம்புகிறவன் தமிழ் தெரியாதவன். குளியலறைக் கதவடியில் துவாயோடு நிற்கிறார் என்பதே அதன் பொருள். “இந்தா, ரோட்டில நிக்கிறம்” என்றால் ஒரு காலுக்குச் செருப்பு ஏறிவிட்டது, மற்றதைத் தேடுகிறார்கள். இந்தக் கலையில் ஐம்பத்தெட்டு வயதில் நான் ஒரு விஞ்ஞானக் கருவியைப் புகுத்தினேன். அதனால் விளைந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் நீளம்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான். மனைவியின் தம்பி. டொரொன்டோவைக் குறுக்கறுத்து ஓடும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறவர். வட அமெரிக்காவிலேயே வாகனங்கள் மிக அதிகமாக ஓடும் சாலைகளில் அது ஒன்று. காலையில் கோப்பிக் கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் ‘ஒன்ராறியோ 511’ தளத்தைத் திறப்பார். சாலையோரத்துக் கமராக்கள் வரிசையாக இருக்கும். தனக்கு வேண்டிய சந்தியைத் தொட்டால் அந்த இடத்துப் படம். பனி கொட்டுகிறதா, லொறி குறுக்கே நிற்கிறதா, சிவப்பு வால்விளக்குகள் எவ்வளவு தூரத்துக்குக் கோத்துக் கிடக்கின்றன, எல்லாம் தெரியும். “இண்டைக்கு உள்ரோட்டால போறன் அத்தான்” என்று எனக்கு வட்ஸ்அப்பில் படமும் அனுப்புவார். என்னத்துக்கு எனக்கு அனுப்புகிறார் என்று கேட்கக்கூடாது. மச்சான்மார் அனுப்புவார்கள்.

லண்டனில் மனைவியின் தமக்கைக்கும் இதே வசதி. அங்கே நகரப் போக்குவரத்துத் துறை ‘ஜாம்கேம்’ என்ற பெயரில் சந்திகளின் சில விநாடிப் படத்துண்டுகளைப் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் பள்ளித்தோழன் ஜொகூருக்குப் போகுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக் கமராவைப் பார்த்து, பாலத்தில் வரிசை நீண்டிருந்தால் திரும்பவும் படுத்துவிடுவானாம். உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளவத்தையில் நான் மட்டும் போய்விட்டுப் பார்க்கிறேன்.

கொழும்பில் கமரா இல்லை என்றில்லை. சந்திக்குச் சந்தி கம்பத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் இருந்து, அந்தக் கமராக்களில் பார்த்தே வீதி விதி மீறுகிறவர்களைப் பொலிஸார் பிடிக்கத் தொடங்கினார்கள். வாகனம் யாருடைய பெயரில் பதிவோ அவருடைய வீட்டுக்குத் தண்டச் சீட்டு தேடி வரும். ஆகவே கமரா என்னைப் பார்க்கும். கமராவுக்குள் நான் பார்க்க முடியாது. கலியாணம் செய்த எவனுக்கும் இந்த ஏற்பாடு புதிதல்ல.

சரி, நானே ஒன்று வைப்பேன் என்று பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய் ஒரு வைஃபை கமரா வாங்கி வந்தேன். கோழிமுட்டை அளவு. படம் காட்டும், பேச்சுக் கேட்கும், ஃபோனில் ஒரு பொத்தானை அமத்தினால் நாங்கள் பேசுவதும் அதற்குள்ளால் கேட்கும். எங்கள் தொடர்மாடி கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறது. நாலாம் மாடி பல்கனியில், துளசிச்சட்டிக்குப் பக்கத்தில், காலி வீதியைப் பார்க்க அதைப் பூட்டினேன். முன்னால் இரண்டு கட்டடங்கள். அவற்றின் இடுக்கில் காலி வீதி ஒரு கீற்றாகத் தெரிந்தது. அளந்து பார்க்கவில்லை, ஆனால் பன்னிரண்டடிக்கு மேல் இராது. காலி வீதி என்பது கொழும்பில் தொடங்கிக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று கடலோரமாகப் போய் வெல்லவாயவில் முடியும் ஏ2 நெடுஞ்சாலை. முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். அதில் பன்னிரண்டடி என் ஆட்சிக்குள் வந்தது.

பன்னிரண்டடியில் ஒரு பஸ் முழுதாகத் தெரியாது. முதலில் மூக்கு வரும், பிறகு யன்னல்கள், பிறகு வால். மூக்கு வந்து வால் வர எவ்வளவு நேரம் என்பதை வைத்து நெரிசலைக் கணிக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். ஐந்து விநாடிக்குள் என்றால் வீதி நல்லம். அரை நிமிடம் என்றால் சுமார். மூக்கு வந்து வால் வராமலே இருந்தால் அது நிறுத்தத்தில் ஆள் ஏற்றுகிற பஸ்ஸாகவும் இருக்கலாம், பம்பலப்பிட்டி வரைக்கும் அடைபட்ட வீதியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியும் வழி இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. காலி வீதி பெயரில்தான் காலி என்ற பழைய பகிடியை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

“பன்னிரண்டடியைப் பாத்து என்ன செய்யப்போறியள்?” என்றாள் மனைவி.

உலகத்தின் முதல் வலைக்கமராவே ஒரு கோப்பிச் சாடியைப் பார்க்கத்தான் வைக்கப்பட்டது என்று அவளுக்கு விளக்கினேன். 1991 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வாளர்கள், மாடி இறங்கிக் கோப்பி எடுக்கப் போனால் சாடி வெறுமையாக இருக்கிறதே என்ற கவலையில், சாடிக்கு எதிரே ஒரு கமராவைப் பூட்டி, தங்கள் மேசையில் இருந்தபடியே பார்த்தார்கள். பிறகு அது இணையத்துக்கும் போய், 2001 வரை உலகமே அந்தச் சாடியைப் பார்த்தது. ஆக, கமரா பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது ஓர் அறிவாளிகளின் மரபு. மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கட வீட்டில தேத்தண்ணி இருக்கோ எண்டு குசினிக்குள்ள எட்டிப் பாத்தாலே தெரியும். நீங்கள் அதுக்கும் எழும்பினது இல்லை” என்றாள்.

கமராவின் புகழ் தொடர்மாடியில் பரவியது. ஆனால் வீதி நெரிசல் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் மாடி மாமி, “தம்பி, மீன்காரன் ஒழுங்கை முகப்பில நிக்கிறானோ பாத்துச் சொல்லும்” என்று அழைப்பார். சூடை மீனா பாரை மீனா என்றும் பார்க்கச் சொல்வார். மூன்றாம் மாடிக்காரர் தன் மகன் ரியூசன் முடிந்து யாரோடு வருகிறான் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரிந்தது. பன்னிரண்டடிக்குள் வாழ்கிறவனுக்கும் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

மகனுக்கு இதெல்லாம் சிரிப்பு. “கூகிள் மெப்பில சிவப்புக் கோடு வருமே, அதைப் பாருங்கோவன் அப்பா.” அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று அவனைக் கேட்டேன். வீதியில் போகிறவர்களின் ஃபோன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துப் பெரும்பாலும் அது கணிக்கிறது. 2020 இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் ஒரு சின்ன இழுவண்டியில் 99 ஃபோன்களைப் போட்டு வெறும் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். மெப் அந்தத் தெருவைச் சிவப்பாக்கிவிட்டது. எங்கள் 102 பஸ்ஸிலும் ஆளுக்கொரு ஃபோனோடு அவ்வளவு பேர் தொங்குகிறார்கள். ஆகவே நான் கண்ணைத்தான் நம்புவேன் என்றேன். இந்த வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவும். என் மகன் வைத்திருக்கிறான்.

மனைவி நம்புவது பஞ்சாங்கத்தை. முன்பு இதைப் பகிடி பண்ணுவேன்; இப்போது குறைத்துவிட்டேன். கொழும்பு வீதியைப் பற்றி முன்கூட்டியே சொல்லக்கூடிய பத்திரம் அது ஒன்றுதான். ஆடியில் வேல் விழாத் தேர் செட்டியார் தெருவில் இருந்து காலி வீதியால் வரும் நாளில் யாரும் யாரையும் பார்க்கப் போக முடியாது. பெப்ரவரியில் நவம் பெரஹராவுக்கு யானைகள் வந்தால் கங்காராம பக்கம் மூடு. ஜூன் 13 இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், கொட்டாஞ்சேனைப் பக்கம் நினைக்கவே வேண்டாம். வெசாக்கில் வெளிச்சக்கூடு பார்க்க நாடே வீதிக்கு வரும். எல்லாவற்றிலும் அதிசயம், திங்கட்கிழமை இராகுகாலம் காலை ஏழரையில் இருந்து ஒன்பது. கொழும்பில் ஒபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றாக வீதியில் இறங்கும் அதே நேரம். இராகுவுக்குக் காலி வீதி தெரிந்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமைகளில் ஒன்றில்தான் அம்மாவின் திவசம் வந்தது.

திவசம் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியில் இருக்கும் தங்கச்சி வீட்டில். அம்மா கடைசிக் காலத்தில் இருந்தது அங்கேதான். ஐயர் பத்துக்குத் தொடங்கவேணும் என்றிருந்தார். மூத்த மகன் நான். நான் போகாமல் தர்ப்பையைப் போட ஆளில்லை. தூரம் பத்துக் கிலோமீற்றர் அளவில்தான். அம்மா உயிரோடு இருந்தபோது வெள்ளவத்தைக்கு வந்தால் திரும்பிப் போக 102 தான் பிடிப்பா. ஒரு நாளும் நேரம் பார்த்ததில்லை. நான் யன்னலால் எட்டிப்பார்த்து “இப்ப சரியான பிளொக் அம்மா, கொஞ்சம் பொறுத்துப் போங்கோ” என்பேன். “வெளிக்கிட்டாத்தானே ராசா போய்ச்சேரலாம்” என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிவிடுவா. என் பிந்துகிற பழக்கத்தைப் பற்றி அவவுக்கு ஆழமான கருத்துகள் இருந்தன.

காலை ஆறேமுக்காலுக்கு மனைவி சேலை உடுத்தித் தயார். “இராகுகாலத்துக்கு முதல் இறங்கிடுவம்.” கமராவைப் பார்த்தேன். பஸ்ஸின் மூக்கு வந்தது, வால் வரவில்லை. “கொஞ்சம் பொறு, விடட்டும்” என்றேன். ஏழேகால். விடவில்லை. ஏழு இருபத்தைந்துக்கு விட்டது மாதிரி இருந்தது. நான் சவரம் செய்யவில்லை. ஏழரை. இராகுகாலம் தொடங்கிவிட்டது. இனி ஒன்பதுக்குத்தான் என்று மனைவி கதிரையில் இருந்துவிட்டாள். சேலை உடுத்தபடி அவள் பேசாமல் இருந்த அந்த ஒன்றரை மணித்தியாலத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

ஒன்பது மணிக்கு மீண்டும் கமரா. படத்தில் ஒரு சிவப்பு பஸ்ஸின் மூக்கு, நடுவே. அதற்கு முன்னால் மஞ்சள் கடவையின் ஓரத்தில் நீலக்குடை பிடித்த ஒரு பெண் வீதி கடக்க நிற்கிறாள். ஐந்து நிமிடம் கழித்தும் பஸ் அசையவில்லை. பெண்ணும் அசையவில்லை. பத்து நிமிடம். எனக்கு மெல்ல நெஞ்சு கனத்தது. இந்த நாட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு வீதியைக் கடக்கவிடுவதற்குக்கூட ஒரு சாரதிக்கு மனமில்லை. மகனைக் கூப்பிட்டுக் காட்டி, சமூகம் போகிற போக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். இருபத்தைந்து நிமிடம். வெள்ளவத்தை வரலாற்றிலேயே இப்படியொரு பிளொக் வந்திருக்காது, எங்கேயோ பெரிய விபத்து என்று தங்கச்சிக்கு அழைத்துச் சொன்னேன். அவள் ஐயரிடம் சொன்னாள். ஐயர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மகன் பல்கனிக்குப் போய், கமராவின் உதவியில்லாமல் வெறும் கண்ணால் கீழே பார்த்தான். “அப்பா, ரோட்டு வெறுமை.”

நடந்தது இதுதான். இராகுகாலத்தில் சும்மா இருக்க மனமில்லாமல் மனைவி என் வேட்டியை இன்னொருதரம் அயன் பண்ணியிருக்கிறாள். அயன் பெட்டிக்குப் பிளக் வேண்டும். அந்தப் பிளக்கில் இருந்தது வைஃபை பெட்டி. கழற்றினாள். ஃபோன் தன்னிடம் கடைசியாக வந்த படத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. நீலக்குடைப் பெண் எப்போதோ கடந்து போய், பஸ் பிடித்து, ஒபீஸில் தேத்தண்ணியும் குடித்திருப்பாள். கண்ணைத்தான் நம்புவேன் என்று நான் சொன்ன வசனத்தை மகன் இங்கே எடுத்து வைத்தான். மனைவி ஒன்றும் சொல்லாமல் வைஃபை பெட்டியைத் திரும்பப் பூட்டிவிட்டு, “வெளிக்கிடுங்கோ” என்றாள். மணி ஒன்பது நாற்பது.

மரைன் டிரைவில் கடலையும் ரயில் பாதையையும் பார்த்தபடி கொள்ளுப்பிட்டி வரை வழுக்கிக்கொண்டு போனோம். “பாத்தியா, பொறுத்து வந்ததால எவ்வளவு சுகம்” என்று காலிமுகத்திடலில் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். கோட்டையைத் தாண்டியதும் அந்தப் பேச்சு நின்றது. ஒரு பக்கம் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள். மறுபக்கம் புறக்கோட்டை. பெர்லினில் இழுவண்டி பொய்யாகக் காட்டிய நெரிசலைப் புறக்கோட்டை இழுவண்டிகள் மெய்யாகவே உண்டாக்கிக்கொண்டிருந்தன. சந்தியில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் கீழே பொலிஸ்காரர் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். விளக்கை நம்புவதா கையை நம்புவதா என்பதற்கு ஸ்காபரோவில் பதில் இருக்கலாம்.

பதினொன்று ஐந்துக்குத் தங்கச்சி வீட்டுப் படியேறினேன். ஐயர் சாய்மனைக் கதிரையில் அரைத் தூக்கம்.

“மன்னிக்கவேணும் ஐயா. வெள்ளவத்தையில சரியான பிளொக்.”

“அப்பிடியே? நானும் வெள்ளவத்தைதானே” என்றார் ஐயர். “ஏழு இருபத்தெட்டுக்கு 102 இல ஏறினனான். எட்டரைக்கு இஞ்ச.”

“இராகுகாலம்...”

“ஏறேக்க இராகுகாலம் தொடங்கேல்லை.”

திவசம் நடந்தது. படையலில் இருந்து எடுத்து வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை எல்லாம் வைத்துப் பின்மதிலில் காகத்துக்குப் போட்டோம். காகம் எடுத்தால்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. கொட்டாஞ்சேனையில் காகத்துக்குப் பஞ்சம் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்று ஒன்றும் வரவில்லை. “கா, கா” என்று தங்கச்சி கூப்பிட்டாள். அவளுடைய புருஷன், எனக்கு இன்னொரு மச்சான், கூப்பிட்டார். ஐயருக்கு ஒரு மணிக்கு வேறு இடம். அவரும் மெல்லக் கூப்பிட்டார். பிள்ளைகள் வடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செய்ய ஒன்றும் இல்லாததால், திரும்பிப் போகிற வீதி எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று ஃபோனை எடுத்தேன். காலி வீதி தெரியவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. கறுப்புக்குள் ஓர் உருண்டைக் கண். பிறகு அது தலையைச் சரித்தது, அலகு தெரிந்தது. துளசிச்சட்டியில் ஏறி நின்று ஒரு காகம் என் கமராவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி என் தோளுக்கு மேலால் பார்த்தாள். “மாமி உங்களைத் தேடி அங்க போயிட்டா. நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை எண்டு நினைச்சிருப்பா.”

தங்கச்சி ஃபோனைப் பறித்தாள். எந்தப் பொத்தான் என்று மகன் காட்டிக்கொடுத்தான். அமத்திப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அண்ணா வந்திட்டான். இஞ்ச வாங்கோ” என்றாள். வெள்ளவத்தையில் காகம் திடுக்கிட்டு எழும்பிப் பறந்தது. பன்னிரண்டடி திரும்பவும் தெரிந்தது. பஸ்ஸின் மூக்கு வந்து நின்றது.

கால்மணித்தியாலம் கழித்து மதிலில் ஒரு காகம் வந்து இறங்கி, நேரே வடையை எடுத்தது.

மச்சான் மணிக்கூட்டைப் பார்த்தார். “கால்மணித்தியாலம்!” என்றார். “எந்த ரோட்டால வந்திருப்பா?”